ஒரு கால் ஷூ

அந்தத் தீவில் எரிமலைக்குக் காணிக்கை போடுகிறார்கள். நெல், பூசணிக்காய், உயிருள்ள கோழி என்று எதையாவது வேண்டிக்கொண்டு புகையும் வாய்க்குள் எறிகிறார்கள். உள்சரிவில் சிலர் வலையோடு நின்று, விழுவதைப் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

சேலத்திலிருந்து சுற்றுலாக் குழுவோடு வந்திருந்த குணவதி, பையிலிருந்து கணவரின் ஷூக்களை எடுத்தாள். இந்த மலை ஏறுவதற்கென்றே தில்லைநாயகம் வாங்கியவை. விமானம் ஏற இரண்டு மாதம் இருக்கும்போது அவர் இறந்துபோனார்.

"நீங்களும் வந்தாச்சுங்க" என்று சொல்லி இரண்டையும் எறிந்தாள்.

வலதுகால் ஷூ புகைக்குள் மறைந்தது. இடதுகால் ஷூவை ஒருவன் வலையில் பிடித்துவிட்டான். மூச்சு வாங்க மேலேறி வந்து, இரண்டு கையாலும் அதை அவளிடம் நீட்டி ஏதோ சொன்னான்.

"என்னம்மா சொல்றாரு?" என்று, அந்த ஊர் பாஷை தெரிந்த டூர் மேனேஜர் ஷர்மிளாவிடம் கேட்டாள்.

"கை தவறி விழுந்துடுச்சுன்னு நெனச்சுட்டாராம் ஆன்ட்டி. இன்னொண்ணைப் பிடிக்க முடியலயேன்னு வருத்தப்படுறார்."

குணவதிக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒண்ணை மட்டும் போட்டுக்கிட்டு அவர்தான் எங்க போவாரு?"

வலைக்காரன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அவன் கீழே போய்ச் சேரும்வரை குணவதி ஷூவை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பிறகு, எறிவதா வேண்டாமா என்று தெரியாமலே கையை ஓங்கினாள். கீழே அவன் அவசரமாக வலையைத் தூக்கிப் பிடித்தான்.