ஐந்தாம் வகுப்பின் அமைதி

ஓடைப்பட்டிப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் சத்தமே இல்லை. வெளியே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் மட்டும் உறுமுகிறது. கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. இருபது வருடமாகப் பாடம் நடத்தும் ஹேமாவதி டீச்சர், ஆசிரியர் தகுதித் தேர்வு கைடை மேசையில் விரித்து, உதடு அசைய மனப்பாடம் செய்கிறார். திரிஷா எழுந்து நோட்டை நீட்டுகிறாள். "டீச்சர், இந்தக் கணக்கு புரியல." பக்கத்திலிருக்கும் மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஒக்காருடி. டீச்சர் பரீட்சைக்குப் படிக்கிறாக. பாஸாகலேன்னா வேலைய விட்டு அனுப்பிருவாகளாம்." திரிஷா உட்காராமல் நிற்கிறாள். சாக்பீஸ் தூள் படிந்த டீச்சரின் விரல், 'குழந்தை உளவியல்' பாடத்தில் ஒரு வரியின் மேல் நின்றுவிடுகிறது. மோட்டார் ஓய்ந்து மறுபடி உறுமுகிறது. டீச்சர் நிமிரவில்லை. விரல் அடுத்த வரிக்குப் போகிறது. திரிஷா நோட்டை மூடுகிறாள்.