ஹிமுதாவின் இருபதாவது கணிப்பு

மேஜை மேல் இரண்டு சந்தேஷ் இனிப்பு டப்பாக்கள் இருந்தன.

நாலு மணிக்குள் கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றேகால் ஆகிவிட்டது. ஹிமாத்ரி பாக்சியின் தாளில் இன்னும் தலைப்பு மட்டும்தான் ஏறியிருந்தது: 'இந்த வருஷம் யாருக்குத் தகும்?'

கல்கத்தா மைதானத்தில் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்குப் பரிசு கொடுக்கிறார்கள் அல்லவா, அது யாருக்குப் போக வேண்டும் என்று பத்தொன்பது வருஷமாகப் பத்திரிகையில் எழுதி வருகிறார் ஹிமுதா; வீரர்களுக்கெல்லாம் அவர் ஹிமு அண்ணன். பத்தொன்பது தடவையும் அவர் சொன்ன ஆளுக்குக் கிடைக்கவில்லை.

ஜோசியக்காரன் கிளிகூடப் பத்துக்கு நாலு சீட்டை ஒழுங்காக எடுக்கும்.

அவர் எழுதிய மறுநாளே ஒருவன் பயிற்சியில் முட்டியை உடைத்துக்கொண்டான். இன்னொருவனுக்கு அம்மை போட்டது. ஒன்றுமே ஆகாத ஒருவனுக்கு ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. அந்த ஓட்டைப் போட்ட பெரியவர், ஹிமாத்ரியின் கட்டுரையைப் படித்த பிறகுதான் மனசை மாற்றிக்கொண்டாராம்.

கருநாக்கு என்று மைதானம் முழுக்கப் பேர் விழுந்துவிட்டது.

வீட்டிலும் அதே மரியாதைதான். போன மார்ச்சில் பரீட்சைக்குக் கிளம்பிய மகளிடம் "நீ நிச்சயம்..." என்று இவர் ஆரம்பித்ததும், மனைவி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து வாயைப் பொத்தினாள். மாவுக் கையோடு.

காலையில் முதல் டப்பாவோடு வந்தவன் கோல்கீப்பர் தேபு பிராமாணிக். வயது முப்பத்தைந்து. பரிசு வாங்கினவனை ஏதாவது ஒரு ஆபீஸ் டீமில் வேலைக்கு எடுத்துக்கொள்வது மைதானத்து வழக்கம். தேபுவுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

"ஹிமுதா, உங்க கால்ல வேணா விழறேன். என் பேரை மட்டும் எழுதிடாதீங்க. ஷமிம் பேரை எழுதுங்களேன், பாவம், அவனும் நல்லாத்தான ஆடினான்."

மத்தியானம் அந்த ஷமிம் மண்டல் நேரிலேயே வந்தான். பதினெட்டு கோல் போட்டவன். மனைவிக்கு ஏழாம் மாசம். அதே கடை சந்தேஷ்தான், டப்பா மட்டும் கொஞ்சம் பெரிசு.

"தேபுதா எப்பேர்ப்பட்ட கீப்பர்! அவரைப் பத்தி விலாவாரியா எழுதுங்கண்ணே. போட்டோவோட."

இருபது வருஷம் பேனா பிடித்து இவ்வளவுதான் சம்பாதித்தது என்று ஹிமாத்ரி நொந்துகொண்டார். ஒருத்தனை வாழவைக்கத்தான் துப்பில்லை, கெடுக்காமலாவது இருக்கலாமே. இரண்டு பேரையும் விட்டுவிட்டு, கெட்டுப்போக எதுவுமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவனைத் தேடினார்.

கிடைத்தான். லக்கன் ஹேம்ப்ரம்.

கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்த கிளப்பின் லெஃப்ட் பேக். பத்திரிகையில் அவன் பேர் வந்ததே ஒரே ஒரு தடவை, அதுவும் வேறு எவனோ ஒருவனுடைய போட்டோவுக்குக் கீழே. கிடைக்கவே போகாத பரிசு கிடைக்காமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

எழுத ஆரம்பித்தால் பேனா நிற்கவில்லை.

ஜூலை மழையில், வாய் பிளந்த பூட்ஸைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, சேற்றில் எழுபது நிமிஷம் ஷமிமை நகரவிடாமல் ஆடியதை எழுதினார். சீசன் முழுக்க ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காததை எழுதினார். கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் குதிக்கும்போது, இவன் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பி நடந்து போவானே, அதையும் எழுதினார்.

அட, நிஜமாகவே இவன்தானய்யா!

பத்தொன்பது வருஷமாக யாருக்குக் கிடைக்கும் என்று மோப்பம் பிடித்தாரே தவிர, யாருக்குத் தகும் என்று அவர் யோசித்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாளைக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பாரபட்சமில்லாமல் சாப்பிட்டார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் காலை, நாற்காலியில் உட்காரும் முன்பே போன் அடித்தது.

லக்கன் ஹேம்ப்ரம் பேசினான். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று ஹிமாத்ரி தொண்டையைச் செருமி, அடக்கமாக ஒரு சிரிப்பைத் தயார் பண்ணிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க ஹிமுதா. என்னைப் பத்தி யாரும் இப்படி எழுதினதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த வருஷம் கமிட்டியில என் பேரைத்தான் பேசிக்கறாங்கன்னு சொன்னாங்க. ஆபீஸ் டீம்காரங்க போன வாரமே சர்டிபிகேட் எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

ஹிமாத்ரி தயார் பண்ணி வைத்த சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தேபுதாவும் ஷமிமும் உங்களைப் பார்க்க வந்தாங்களாமே. என் பேரையெல்லாம் நீங்க எழுதுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல ஹிமுதா. தோணியிருந்தா நானும் ஒரு டப்பா வாங்கிட்டு வந்திருப்பேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் குரலில் கோபமே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அறிவிப்பு. இன்னும் நேரம் இருக்கிறது. 'கவலைப்படாதப்பா, உனக்குத்தான் கிடைக்கும்' என்று சொல்ல ஹிமாத்ரி வாயைத் திறந்தார்.

திறந்த வாயைத் தன் இடது கையாலேயே இறுகப் பொத்திக்கொண்டார்.