இருபத்தோரு எழுத்து

உண்டென்று தொழுவாரையும் இல்லையென்று வாதிடுவாரையும் ஒரே நிழலில் அமர்த்திக் காக்கும் பரம்பொருளின் திருவடி முன்னிற்க.

அண்ணன் தம்பி இருவரின் குடும்பமும் ஒரே வீட்டில் வாழ்ந்தது. அண்ணன் மனைவி முன்னறையில் இயந்திரம் போட்டுத் துணி தைப்பவள். தம்பி மனைவி, வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்ப்பவள். உப்பு வாங்கினாலும் உறையைப் படித்த பின்பே வாங்குவாள் என்பதால், வீட்டார் அவளுக்கு இட்ட பெயர் ‘சோதனைச்சாலை’.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனைச்சாலை ஈரத் தலையும் கையில் ஷாம்பூ பாட்டிலுமாகக் குளியலறையை விட்டு வெளியே வந்தாள்.

“என்னங்க, இன்னைக்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போறோம்.”

செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். “காலங்காத்தால என்ன ஆச்சு?”

“உங்க அண்ணி என் ஷாம்பூவைத் திருடுறாங்க.”

“குறைஞ்சிருக்கா?”

“கூடியிருக்கு!”

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கூடுற திருட்டை இப்பத்தான் கேள்விப்படுறேன்.”

“சிரிங்க, நல்லா சிரிங்க. நுரை வேற மாதிரி இருக்கேன்னு போன வாரம் பேனாவால கோடு போட்டு வச்சேன். இப்போ பாருங்க, கோட்டுக்கு மேல ஏறி நிக்குது. கையில ஊத்தி மோந்து பார்த்தா ரோஜா வாசனையே இல்ல. நல்லதை எடுத்துக்கிட்டு, ஏதோ மட்டமான சரக்கை ஊத்தி வச்சிருக்காங்க.”

“ஒரு ஷாம்பூவுக்காக வீட்டை விட்டுப் போறதா?”

“ஷாம்பூ போனாப் போகட்டும். ஏமாத்துறவங்களோட ஒரே கூரையில எப்படி இருக்கிறது?”

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் தலையெல்லாம் தடித்து, இமைகள் வீங்கி, கண் திறக்க முடியாமல் தவித்தாள். முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்த தோல் மருத்துவர், கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் அவள் உடம்புக்கு ஆகவில்லை என்று கண்டு, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பத்துப் பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்து, ஒப்பிட்டு, இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

சென்ற மாதம் வாங்கியதும் அதே ஷாம்பூதான். முன்பக்கத்தில் வழக்கமான ‘சல்பேட் இல்லை, சாயம் இல்லை’ என்பதோடு ‘பாரபென் இல்லை’ என்றும் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். முதல் வாரம் கொஞ்சம் அரிப்பு. பிறகு அதுவும் போயிற்று. “பாரபெனை எடுத்தாங்க, பழைய அரிப்போட மிச்சமும் போயிடுச்சு” என்று அலுவலகம் முழுவதும் புகழ் பாடினாள்.

அந்தப் பாட்டிலோடு முன்னறைக்குள் நுழைந்தாள்.

“அக்கா, இதுல என்ன ஊத்துனீங்க?”

தையல் இயந்திரம் நின்றது. மூத்தவள் மறைக்கவில்லை. “நான் போடுற ஷாம்பூதாம்மா. தீரத் தீர ஊத்தி வச்சேன்.”

“அப்போ என்னோடது?”

“குளியலறைத் தரையைக் கழுவிக்கிட்டிருக்கேன். உன் காசாச்சே, கொட்ட மனசு வரல.”

குளியலறையில் எப்போதும் ரோஜா மணந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. இளையவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“தரைக்கு என் ஷாம்பூ, என் தலைக்கு உங்க சரக்கா? நல்லாயிருக்கு நியாயம்! எப்பலேருந்து இந்த வேலை?”

“உனக்கு அரிப்பு வந்துச்சே, அந்த வாரத்திலேருந்து.”

“என்ன?”

மூத்தவள் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தாள். நூற்கண்டுகளுக்கு அடியிலிருந்து மருத்துவரின் சீட்டை எடுத்தாள். இளையவள் எப்போதோ அலமாரியில் போட்டுவிட்டு மறந்த சீட்டு. அந்த நீண்ட பெயரின் ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் ஊசியால் குத்திய சிறு துளை.

“எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. இதுல மொத்தம் இருபத்தோரு எழுத்து. நடுவுல ஒரு இசட் வருது பாரு, அதுதான் அடையாளம். ஜாக்கெட்டுக்கு ஓரப்பட்டை பொருத்துற மாதிரி, நீ வாங்குற ஒவ்வொரு பாட்டிலோடயும் வச்சுப் பொருத்திப் பார்ப்பேன். இத்தனை நாளா பொருந்தல. போன மாசம் வந்ததுல இருபத்தொண்ணும் பொருந்திடுச்சு. என்னோடதுல அந்தப் பேர் இல்ல.”

இளையவள் பாட்டிலைத் திருப்பினாள். பின்பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், கடைசி வரிக்கு முந்தைய வரியில் அந்தப் பெயர் இருந்தது. கெடாமலிருக்கச் சேர்த்துவந்த பாரபெனை எடுத்தவர்கள், அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.” குரல் இறங்கிவிட்டது.

“சொன்னேனே. ‘இங்கிலீஷெல்லாம் எப்பக்கா படிச்சீங்க’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்ட. சரி, வாய் சொன்னா எடுபடல, கையாவது செய்யட்டும்னு விட்டுட்டேன்.”

இளையவளின் விரல்கள் தாமாகவே இமைகளைத் தொட்டுப் பார்த்தன. வீக்கம் இல்லை. தடிப்பு இல்லை.

“பத்திரம் பார்க்கிற எனக்கு இது எப்படிக்கா தப்புச்சு?”

“நீ பெரிய எழுத்துல என்ன இல்லைன்னு பார்த்த. எனக்கு அவ்வளவு தெரியாதும்மா. என்ன இருக்குன்னு மட்டும் எண்ணிப் பார்த்தேன்.”

அவள் பாட்டிலை மட்டும்தான் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், மூத்தவளிடம் படிப்பு இல்லை, நாகரிகம் இல்லை என்று பட்டியல் போட்டுவந்த இளையவளுக்கு, அது பாட்டிலைப் பற்றியதாக மட்டும் படவில்லை.

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “வீடு பார்க்கணும்னியே, கிளம்பலாமா?”

இளையவள் தையல் இயந்திரத்தின் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

“வேண்டாங்க. வீடு இருக்கு.”

இதைக் கேட்டோர் இல்லங்களில், உள்ளதைக் காணும் கண்ணும், கண்டதைக் கொண்டாடும் நெஞ்சும் குறைவின்றி நிறைக.