பத்துச் செடிக்குச் சிவப்பு ரிப்பன்

"ரிப்பன் கட்டின செடியெல்லாம் பத்திரமா இருக்காண்ணே?"

போனில் கேட்டாள் ஜெஸ்ஸி. மழை பொய்த்தாலும் வாடாத மக்காச்சோளம் வேண்டுமென்று நாலு வருஷமாக ரகத்தோடு ரகம் கலந்து பார்க்கிறாள். குஜிலியம்பாறை வயலில் தேறிய பத்துச் செடிக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்தவள், காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்தப் பத்தின் விதை போனால் எல்லாம் போச்சு.

"ஒண்ணுகூட கொறையல தாயி," என்றார் காவல்காரர் மொக்கைச்சாமி.

"கிளி?"

"அண்ட விட்ருவனா?"

"ரிப்பன் அவுந்து கிவுந்து..."

"சாமி சத்தியமா இல்ல. வந்து பாரு, அசந்துருவ!"

மறுநாள் ஓடிவந்து பார்த்த ஜெஸ்ஸி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு செடி பாக்கியில்லாமல் வயல் முழுக்கச் சிவப்பு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"பத்த மட்டும் சிங்காரிச்சு நிறுத்திட்டுப் போயிட்ட. போறவன் வாரவன் கண்ணெல்லாம் அதும்மேலதான். கண்ணு பட்ருமேன்னு எல்லாத்துக்கும் கட்டிட்டேன்."

"அப்ப நான் கட்டினது எதுண்ணே?"

மொக்கைச்சாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"உன்னால கண்டுபிடிக்கவே ஏலாது தாயி! அதே நெறம் கெடைக்க வடமதுரையில ஒரு கடை விடாம ஏறி எறங்கினேன்ல!"