ஐந்தில் ஒரு பங்கு

தராசை எடுத்துவர வண்டி வரைக்கும் போன விதை டீச்சர் திரும்பி வந்து பார்த்தபோது, செடி மொட்டையாக நின்றது.

மொட்டை என்றால் அப்படியொரு மொட்டை. போகும்போது கிளைக்குக் கிளை பழம் சிவந்து கிடந்தது. இப்போது இலை இருந்தது, முள் இருந்தது. பழம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை.

‘அடப்பாவிகளா’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். விதை சேகரிக்கும் பயிற்சிக்கு வந்தவர்களை அப்படியெல்லாம் சொல்லக் கூடாது.

வந்தவர்களுக்கோ முகமெல்லாம் பல். தையல்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அந்த ஜோடியோடு வந்த தொப்பி போட்ட அத்தை. ஐந்து பேர், ஐந்து துணிப்பை. ஐந்தும் கர்ப்பிணி மாதிரி உப்பியிருந்தன.

“ஒரு செடியில ஐஞ்சுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!”

காலையிலிருந்து அவள் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். பழுத்ததை மட்டும் பறி. கிளையை ஒடிக்காதே, செடியை உலுக்காதே. ஐந்தில் ஒரு பங்கு நமக்கு; மிச்சம் குருவிக்கும் எறும்புக்கும், அந்தச் செடியின் வம்சத்துக்கும். தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தாள்.

“அதேதான் செஞ்சிருக்கோம் டீச்சர்,” என்றார் தையல்காரர், கழுத்தில் கிடந்த டேப்பைத் தடவிக்கொண்டு. “சுத்தி அளந்து சரியா அஞ்சு பாகமா பிரிச்சேன். ஆளுக்கு அஞ்சுல ஒண்ணு. ஒருத்தர் பங்குல இன்னொருத்தர் கை வெக்கல.”

கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு நியாயமாகச் சொத்தைப் பிரித்திருக்க மாட்டார்கள்.

டீச்சர் கேட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வட்டாரத்திலேயே இந்தச் செடி மிச்சமிருப்பது இந்த ஒரு தோட்டத்தில்தான். தீயில் கருகிப்போன மலைச்சரிவில் நடுவதற்கு இதன் விதை வேண்டும் என்று அவள் நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறாள். தோட்டத்துக்கார அம்மா ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. எல்லாமே காவலாளி மூலமாகத்தான். கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் இந்த வருஷம்தான் கேட் திறந்தது.

அதுவும் ஒரே ஒரு நிபந்தனையோடு. செடி மொட்டையாக நின்று குருவி பட்டினி கிடந்தால், கேட்டை மூடிவிடுவார். அப்புறம் எந்தக் காலத்திலும் திறக்க மாட்டார்.

சொல்லி வைத்தாற்போல அந்த நேரம் பார்த்துக் காவலாளி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

“எல்லாரும் வரிசையா செடிய மறைச்சு நின்னுருவோமா?” என்றார் வேன் ஓட்டுநர். கேட்டதோடு நிற்கவில்லை, நின்றும் காட்டினார். மற்றவர்களும் போய்ப் பக்கத்தில் நின்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் அன்றைக்குத்தான் டீச்சருக்குக் கிடைத்தது.

அவர்களைச் சொல்லி என்ன பயன்? ஐந்தில் ஒன்று என்று சொன்னவள், அது எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லவில்லை. வருவது வரட்டும் என்று அவளே எதிரே நடந்தாள்.

“அண்ணே, என்னைய அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. செடிய மொட்டையடிச்சுட்டோம். தப்பு என்மேலதான். நானே என் வாயால சொல்லிடறேன்.”

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்மாகிட்டயா? அதுக்கு எதுக்கு எங்கயோ போகணும்?”

அவர் பார்வை அவளைத் தாண்டி வரிசைக்குப் போனது. வரிசையின் கடைசியில் நின்ற தொப்பி அத்தை, தன் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

புது மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பினான். “உங்க அத்தை இல்லையா இவங்க?”

“ஐயோ, நான் உங்க வீட்டு அத்தைன்னுல்ல நெனச்சேன்!” என்றாள் அவள். “அதான் காலையிலேருந்து அவங்களுக்குத் தண்ணி பாட்டில் தூக்கிட்டு வர்றேன்.”

டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்துக்கார அம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“நீங்கல்லாம் ஒழுங்கா பறிக்கிறீங்களான்னு வேவு பாக்கத்தான் வந்தேன்,” என்றார். “கையில பைய குடுத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. என் பங்குல ஒரு பழத்தக்கூட விடல.”

சொல்லிவிட்டு அவரே முதல் ஆளாகச் செடிக்கடியில் குனிந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். பழங்கள் மண்ணில் உருண்டன. பின்னாலேயே ஓட்டுநர் கொட்டினார், ஜோடி கொட்டியது. தையல்காரர் பை மட்டும் தராசுக்குப் போனது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது டீச்சருக்கு.

அந்த அம்மா அவள் பக்கத்தில் வந்து, மண்ணென்றும் பாராமல் உட்கார்ந்தார். காலிப் பையை மடித்து அவள் மடியில் வைத்தார்.

“அடுத்த வருஷம் வரும்போது எங்க அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை குடும்மா.”