ஏரிக்கரையிலிருந்து ஒருத்தி

இளைஞர் வழிகாட்டி மையத்தின் இயந்திரம் அஞ்சுகத்திடம் இந்த முறையும் அதையே சொன்னது: "விண்ணப்பிக்க வேண்டாம். உங்களை எடுக்க மாட்டார்கள்."

"ஒருதடவையாவது மனுசங்க பார்த்துட்டு வேணாம்னு சொல்லட்டுமேக்கா," என்றாள் அவள்.

ஆலோசகர் ஜமீலாவுக்கு அது நியாயமாகப் பட்டது. இயந்திரம் வேண்டாம் என்றவர்களை அனுப்பக் கூடாது என்ற விதியை மீறி, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை கேட்டு அவளைத் தானே அழைத்துப் போனாள்.

கூடத்தின் மேலாளர் அஞ்சுகத்தோடு வெகுநேரம் பேசினார். அவளுடைய பதில்கள் பிடித்துப்போய்ச் சிரிக்கவும் செய்தார். பிறகு திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏரிக்கரைக் குடியிருப்பா? தேறாதுன்னு உங்க மையமே சொல்லுதே மேடம். நீங்களே நம்பாதப்ப நான் எப்படி எடுக்கிறது?"

"நீங்க யாரை எடுக்கறீங்கன்னு பார்த்துத்தான் சார் அது சொல்லுது."

"அது சொல்றதைப் பார்த்துத்தான் மேடம் நாங்க எடுக்கறோம்," என்றார் அவர். உண்மையாகவே வருந்தினார்.

பேருந்தில் அஞ்சுகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பரவால்லக்கா. நல்லாத்தான் பேசினாரு."

மறுநாள் அவள் தங்கை குயிலி மையத்துக்கு வந்தாள். அவள் நர்சிங் படிப்பில் சேரலாம் என்று போன வாரம்தான் இயந்திரம் சொல்லியிருந்தது. இன்று, "விண்ணப்பிக்க வேண்டாம்" என்றது. ஏரிக்கரையிலிருந்து போன இன்னொருத்தியையும் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதை அது அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது.

"போன வாரம் சேரலாம்னுதானே சொல்லிச்சு? நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள் ஜமீலா.