சூடான சுவர்

அந்த ஆள் மறுபடியும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாலின் ஓரக்கண்ணால் அவரையே கவனித்தாள். ஸ்வீடனின் உப்சாலா நகரில் வீடு விற்றுக் கொடுப்பது அவள் தொழில். வீட்டைத் திறந்து காட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், குறை சொல்லியே விலையை இறக்கப் பார்க்கும் கில்லாடி ஒருவராவது வந்து சேருவார். இவருக்குத் தலையில் கம்பளிக் குல்லா, காலில் தரை அழுக்காகாமலிருக்க எல்லோரையும்போல நீல பிளாஸ்டிக் உறை, அறுபது வயது இருக்கும். இவர் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்றால் வாங்க வருகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டம்மா குனில்லா வழக்கப்படி காலையிலேயே வெளியே போய்விட்டார். வீட்டை விற்பது பற்றி மாலின் பேசியதெல்லாம் அவரோடு மட்டும்தான். போகுமுன் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தார். வீடே கமகமவென்றிருந்தது.

அந்த வாசனையிலேயே, வீடு பார்க்க வந்த இளம் தம்பதி எலினும் யோனாஸும் பாதி மயங்கிவிட்டார்கள். எலினுக்கு இது எட்டாவது மாதம். மாடியில் இருந்த சின்ன அறையைப் பார்த்ததும், "தொட்டிலை இந்தச் சுவரோரமா போட்டுடலாம்," என்றாள்.

"போடாதீங்கம்மா. சுவரைத் தொட்டுப் பாருங்க," என்றார் குல்லாக்காரர்.

தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, சுடுது!"

"குளிருக்கு ஹீட்டர் ஓடுது, வேற ஒண்ணுமில்ல," என்று மாலின் குறுக்கே புகுந்தாள்.

"ஹீட்டர் ஜன்னல்கிட்ட இருக்கு. அதுக்குப் போற வயர்தான் இந்தச் சுவருக்குள்ள இருக்கு. ரொட்டி வாசனையைத் தள்ளிட்டு நல்லா மோந்து பாருங்க, கருகல் நாத்தம் வருதா இல்லையான்னு."

மாலின் தடுப்பதற்குள் அவர் விடுவிடுவென்று கீழே இறங்கினார். படிக்கட்டுக்கு அடியில் தொங்கிய கோட்டுகளை விலக்கி, பழைய பீங்கான் ஃப்யூஸ்களில் ஒன்றை மட்டும் கழற்றினார். சின்ன அறையில் விளக்கு அணைந்தது.

திரும்பி வந்து, செல்போன் வெளிச்சத்தில் பிளக் பாயிண்ட்டைத் திருப்புளியால் திறந்தார். உள்ளே வயரின் மேலுறை கருகி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒட்டுப் போட்டிருந்த டேப் உருகி வழிந்திருந்தது.

எலின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பார்க்க வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மாலினுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"சேர்த்த காசு மொத்தத்தையும் இதுல போட இருந்தோமே சார்," என்றான் யோனாஸ்.

"வீடு நல்ல வீடுதான் தம்பி. விக்கிறவங்க எலக்ட்ரீஷியனை வச்சு வீடு பூரா புது வயர் இழுக்கட்டும். அதுவரைக்கும் ஒரு குரோனாகூடக் குடுக்காதீங்க."

"வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, கண்டிப்பா வர்றோம்," என்று மாலினிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

வாசல் கதவு சாத்தியதும் மாலின் வெடித்தாள். "நல்லா இருக்கிற வியாபாரத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே! யார் சார் உங்களை அனுப்பினது? இருங்க, இப்பவே குனில்லாவுக்குப் போன் போடுறேன். அவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க!"

இத்தனை நேரம் எதற்கும் அசராத மனிதரின் முகம் சட்டென்று வெளிறியது. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போடுங்கம்மா. வயர் கருகிக் கிடக்குன்னு நல்லா சத்தமாவே சொல்லுங்க. நான் இங்க வந்தேன்னு மட்டும் என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."